மஞ்சள் அடித்த பதினோரு வரிகள்: எங்கள் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

அடுத்த பொங்கல் விழாப் பேச்சுப் போட்டிக்கான விதிகளைப் போன வாரம் எல்லா ஆசிரியர்களுக்கும் அனுப்பியிருந்தீர்கள். அதில் ஆறாவது விதி புதியது. பேச்சை முழுதாக எழுதி இரண்டு வாரம் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும்; போர், அரசாங்கம், அரசியல் பற்றிய பகுதிகளை நீக்கும் உரிமை குழுவுக்கு உண்டு. இந்த விதி எங்கிருந்து முளைத்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். போன ஜனவரியில் என் வகுப்பு மாணவி ஒருத்தி கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி எழுதிய பேச்சில் பதினோரு வரிகளுக்கு மஞ்சள் அடித்து, வெட்டச் சொல்லித் திருப்பி அனுப்பினீர்களே, அங்கிருந்துதான். ஒரு தடவை நடந்த விஷயம், போகட்டும் என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது அதையே சட்டமாக்கிவிட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் தனியாகப் பேசாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலருக்கு மஞ்சள் அடித்த தாள் மட்டும்தான் தெரியும்.

அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. அந்தப் பேச்சுக்கு முந்தைய கோடையில் பிள்ளைகளை அட்லாண்டாவுக்குக் கூட்டிப் போனோம், ஞாபகம் இருக்கும். மூன்று மணி நேர வேன் பயணம், டப்பா டப்பாவாகப் புளிச்சோறு. ஆபர்ன் அவென்யூவில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீட்டை வெளியே நின்று பார்த்துவிட்டு, அவரும் அவர் அப்பாவும் போதகர்களாக இருந்த எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குள் போனோம். அந்தப் பழைய ஆலயத்துக்குள் அவர் குரலின் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் எழுந்து, தண்ணீர் நடுவே இருக்கும் கல்லறைமுன் படம் எடுக்கப் போய்விட்டார்கள். இவள் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. திரும்பி வரும்போது வேனில் என்னிடம் கேட்டாள்: "எல்லாருக்கும் அவரப் பிடிக்கும்னு சொல்றீங்க டீச்சர். அப்ப எதுக்குச் சுட்டாங்க?"

இனவெறி பிடித்த ஒருவன் சுட்டான் என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு கத்தைத் தாளோடு வகுப்புக்கு வந்தாள். 1966-ல் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பில் அமெரிக்கர்களில் 63 சதவீதம் பேருக்குக் கிங்கைப் பற்றி நல்ல எண்ணம் இல்லை என்று படித்திருந்தாள். "அப்ப எல்லாருக்கும் பிடிக்கலையே டீச்சர்" என்றாள். வியட்நாம் போரை எதிர்த்து 1967-ல் கிங் பேசிய ரிவர்சைடு தேவாலய உரையும் அந்தக் கத்தையில்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம் ஆகியும் அந்த உரையை நான் முழுதாகப் படித்ததில்லை. அவள் கொண்டுவந்த பிறகுதான் படித்தேன். அந்த வரிகளை நானே எழுதிக்கொடுத்தேன் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இல்லை. அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள்.

நான் செய்தது ஒரு சொல்லுக்கு அவளோடு மல்லுக்கட்டியதுதான். இன்றைய உலகத்தில் வன்முறையின் மிகப் பெரிய 'பர்வேயர்' என் சொந்த அரசாங்கம்தான் என்று கிங் அந்த உரையில் சொல்கிறார். அந்தப் பர்வேயருக்குத் தமிழில் என்ன சொல்வது? 'விற்பவர்' என்றேன், அவளுக்குப் பிடிக்கவில்லை. 'பரப்புபவர்' என்றால் நோய் மாதிரி இருக்கிறதாம். "சப்ளை பண்றவங்க, அதான் டீச்சர் மீனிங்" என்றாள். 'வழங்குநர்' என்று சொல்லிப் பார்த்தோம். ஊரில் ரேஷன் கடைப் பலகை ஞாபகம் வந்து நான் சிரித்துவிட்டேன். கடைசியில், உலகத்துக்கு வன்முறையைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் முதலிடம் என் நாட்டு அரசாங்கத்துக்குத்தான், என்று அவளே ஒரு வாக்கியம் அமைத்தாள். ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் தமிழில் சண்டை போடும் பிள்ளை வேண்டும் என்றுதானே இந்தப் பள்ளியை நடத்துகிறோம்? நீங்கள் முதலில் மஞ்சள் அடித்த வாக்கியம் அதுதான்.

தாள் திரும்பி வந்த அன்று, வெட்டிவிடு என்று அவளிடம் சொன்னவள் நான். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். "பரவால்லம்மா, மிச்சமே நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவளும் வெட்டினாள். பேருந்துகளில் இருந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்து மான்ட்கமரியில் 381 நாள் நடந்த பேருந்துப் புறக்கணிப்பைப் பேசினாள். காந்தியைப் பேசினாள். 1959-ல் கிங்கும் அவர் மனைவி கொரெட்டாவும் இந்தியா வந்தபோது கன்னியாகுமரியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் சூரியன் இறங்குவதையும் மறுபக்கம் நிலா ஏறுவதையும் பார்த்த கதையைச் சொன்னாள். அதற்குப் பலத்த கைதட்டல். நம் ஊர்ப் பெயர் வந்தால் நாம் எப்போதும் தட்டுவோம். அப்புறம் 1963-ன் 'எனக்கொரு கனவு' உரை. அதோடு முடித்துக்கொண்டாள். இரண்டாம் பரிசு. கோப்பையை வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனபோது என்னைப் பார்க்கவில்லை. இந்த ஆண்டு அவள் தமிழ்ப் பள்ளியில் சேரவில்லை. காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை; நீச்சல் வகுப்பு இருக்கிறது என்று அவள் அம்மா சொன்னார். ஆனால் என் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

சரி, அந்தப் பதினோரு வரியில் அப்படி என்ன இருந்தது? கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அதைப் படிக்காமலே முடிவெடுத்திருக்கிறீர்கள் என்று நினைப்பதால்.

1967 ஏப்ரல் 4, செவ்வாய்க்கிழமை இரவு. நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் சுமார் மூவாயிரம் பேர். வியட்நாம் போரைப் பற்றிக் கவலைப்பட்ட மதகுருமாரும் சபையாரும் சேர்ந்து கூட்டிய கூட்டம். அதில் கிங் பேசியதைத் தெருமுனைக் கூட்டப் பேச்சு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு போதகர் ஏன் போரைப் பற்றிப் பேச வேண்டும் என்பதற்கு ஏழு காரணங்களை வரிசையாக எடுத்து வைக்கிறார். முதல் காரணம் பணம். ஏழைகளுக்காகத் தொடங்கிய திட்டங்களில் அவருக்கு ஒரு நம்பிக்கை பிறந்திருந்தது. போர் வந்து அந்தப் பணத்தையும் ஆட்களையும் உறிஞ்சிவிட்டது என்கிறார். அதே ஆண்டு பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் பேசியபோது கணக்காகவே சொன்னார்: வியட்நாமில் ஒரு எதிரியைக் கொல்ல 3,22,000 டாலர் செலவாகிறது, உள்நாட்டில் ஏழை என்று வகைப்படுத்திய ஒருவருக்கு ஒதுக்குவது சுமார் 53 டாலர்.

அடுத்தது, யாருடைய பிள்ளைகள் போகிறார்கள் என்பது. தென்மேற்கு ஜார்ஜியாவிலும் கிழக்கு ஹார்லெமிலும் தங்களுக்குக் கிடைக்காத சுதந்திரத்தை எட்டாயிரம் மைல் தள்ளி தென்கிழக்கு ஆசியாவில் காப்பாற்ற, கறுப்பின இளைஞர்களை அனுப்புகிறோம் என்கிறார். ஒரே பள்ளியில் சேர்த்து உட்காரவைக்க முடியாத கறுப்புப் பையனும் வெள்ளைப் பையனும் ஒரு ஏழைக் கிராமத்தின் குடிசைகளைச் சேர்ந்து கொளுத்துவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். சிகாகோவில் அவர்கள் ஒரே தெருவில் குடியிருக்க முடியாது. இந்த இடத்தை என் மாணவி இரண்டே வரியில் எழுதியிருந்தாள். அதற்கும் மஞ்சள்.

மூன்றாவது காரணம்தான் உரைக்கே உயிர். வடக்கு நகரங்களின் சேரிகளில் கோபத்தில் கொதித்த இளைஞர்களிடம் போய், பெட்ரோல் குண்டும் துப்பாக்கியும் எதையும் தீர்க்காது என்று கிங் சொல்லி வந்தார். அப்ப வியட்நாமில் மட்டும் என்ன நடக்கிறது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது என்கிறார். தன் அரசாங்கத்திடம் பேசாமல் இந்தப் பையன்களிடம் மட்டும் அகிம்சை பேச எனக்கு யோக்கியதை இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்தப் 'பர்வேயர்' வாக்கியம் இந்த இடத்தில்தான் வருகிறது. அதைத் தனியாகப் பிய்த்துப் பார்த்தால் அமெரிக்காவைத் திட்டுவது போலத்தான் இருக்கும். இருக்கிற இடத்தில் வைத்துப் படித்தால், ஒரு போதகர் தன் பிரசங்கம் தனக்கே பொருந்துகிறதா என்று பார்க்கும் வரி அது.

இன்னொரு காரணம் அவருடைய ஊழியம். கிறிஸ்து எல்லோருக்காகவும் இறந்தார் என்று நம்புகிறவன், எதிரி என்று அரசாங்கம் சொல்கிற மக்களுக்காகவும் பேசத்தானே வேண்டும்? அதனால் வியட்நாம் விவசாயியின் கண்ணால் கதையைச் சொல்லிப் பார்க்கிறார். 1945-ல் அவர்கள் சுதந்திரம் அறிவித்தபோது அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரிகளையே தங்கள் பிரகடனத்தில் சேர்த்திருந்தார்கள். நாம் அவர்களை அங்கீகரிக்கவில்லை, பழைய எஜமானான பிரான்ஸுக்குக் காசு கொடுத்தோம் என்கிறார். பிறகு குண்டுவீச்சை நிறுத்துவதில் தொடங்கி, வெளிநாட்டுப் படைகள் வெளியேற ஒரு தேதி குறிப்பது வரை ஐந்து கோரிக்கைகளை வைக்கிறார்.

நிறவெறி, பொருளாசை, ராணுவ வெறி மூன்றும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பதும் இந்த உரையில்தான் வருகிறது. நீங்கள் மேடையில் அனுமதித்தது அதில் மூத்ததை மட்டும்.

அந்த உரைக்கு என்ன கூலி கிடைத்தது தெரியுமா? அதே வாரத்தில் நியூயார்க் டைம்ஸ் 'டாக்டர் கிங்கின் பிழை' என்று தலையங்கம் எழுதியது. தன் இயக்கத்துக்கும் நாட்டுக்கும் மக்களுக்கும் தான் பயன்படுவதைக் கிங் குறைத்துக்கொண்டார் என்றது வாஷிங்டன் போஸ்ட். எதிரியான வட வியட்நாமின் ஹனோய் வானொலிக்கு எழுதிக்கொடுத்தது போல இருக்கிறது என்றது லைஃப் பத்திரிகை. கறுப்பின உரிமைக்கான பழைய பெரிய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் இயக்குநர் குழு கூடி, உரிமை இயக்கத்தையும் அமைதி இயக்கத்தையும் கலக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், ஐ.நா.வில் பணியாற்றிய ரால்ஃப் பஞ்ச் எல்லாம் அவருக்கு வேண்டியவர்கள், அவர்களும் எதிர்த்தார்கள். சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட பேனாவை அவருக்குக் கொடுத்த ஜனாதிபதி ஜான்சனின் வெள்ளை மாளிகைக் கதவு மூடிக்கொண்டது.

உங்கள் வேலை சிவில் உரிமை, அதோடு நில்லுங்கள். அன்று எல்லோரும் அவரிடம் சொன்னது இதுதான். ஐம்பத்து சொச்சம் வருடம் கழித்து, ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் நாம் சொன்னதும் இதேதான். உங்களுக்கு உறுத்தவில்லையா? எனக்கு உறுத்துகிறது.

நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

நம் பள்ளி வரிவிலக்கு பெற்ற அமைப்பு, அரசியல் பேசினால் சிக்கல் என்றீர்கள். தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ பிரசாரம் செய்யக் கூடாது, அதுதான் தடை. 1967-ல் ஒரு போதகர் தேவாலயத்தில் பேசியதை ஒரு பிள்ளை மேடையில் சொன்னால் எந்த வேட்பாளருக்கு ஓட்டு விழும்? இந்தக் காரணத்தை நீங்களே நம்பவில்லை என்று நினைக்கிறேன், இதோடு விடுகிறேன்.

ராணுவத்தில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் மனம் புண்படும் என்பது அப்படிப்பட்டதல்ல. இதை நான் மதிக்கிறேன். நம் பள்ளியில் அப்படி இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. அதில் ஒரு தாயிடம் நான் பேசினேன். அவர் மகன் இரண்டு வருடமாகத் தரைப்படையில் இருக்கிறான். "என்கிட்ட யாருமே கேக்கலையே டீச்சர்" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. பேச்சை வாங்கிப் படித்தார். மகனைப் பற்றிப் பயம் இருக்கிறது என்றும், அதைப் பற்றி இந்தக் கூட்டத்தில் யாரும் பேசாததுதான் தனக்குக் கஷ்டம் என்றும் சொன்னார். அவருடைய மனம் புண்படும் என்று அவரைக் கேட்காமலே நாம் முடிவு செய்திருக்கிறோம்.

ரிவர்சைடு உரையில் படைவீரர்களை இழிவு செய்யும் ஒரு சொல் கிடையாது. அங்கே இருக்கும் நம் துருப்புகளைப் பற்றியும் எனக்கு மற்ற எதற்கும் குறையாத கவலை இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று நாம் சொன்னோமோ அது எதுவும் அங்கே உண்மையில் இல்லை என்பது கொஞ்ச நாளில் அவர்களுக்கே தெரிந்துவிடும், சாவோடு அந்த வெறுப்பையும் அவர்கள் தலையில் சுமத்துகிறோம் என்கிறார்.

என் அப்பா இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வீட்டில் அப்படி ஒருவர் இருப்பார். 1971 போருக்குப் போய் வந்தவர், அதைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் வீரக் கதை சொன்னதில்லை. நாங்கள் கேட்டால் அங்கே குளிர் எப்படி இருந்தது, ரொட்டி எப்படி இருந்தது என்று சொல்வார். ஒரே ஒரு தடவை, எங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் போன பையன்கள் பெயரை எண்ணிக்கொண்டு வந்தவர், "இதுல ஒருத்தன் வீட்டுக்காவது ரெண்டு ஏக்கர் இருந்தா போயிருப்பானா?" என்றார். கிங்கின் முதல் இரண்டு காரணங்களையும் படித்தபோது அப்பா சொன்ன இந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது. சீருடை போட்டவர் வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தச் சீருடையின் பெயரால் ஒரு பிள்ளையின் வாயை அடைப்பது எனக்கு ஒப்பவில்லை.

மூன்றாவது காரணத்தை நீங்கள் எழுதவில்லை, சாப்பாட்டு வரிசையில் நின்றபோது ஒருவர் மெதுவாகச் சொன்னார். நாம் வந்த இடத்தில் பிழைக்கிறவர்கள், விசாவில் இருக்கிறவர்கள், நமக்கு எதற்கு வம்பு. உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இதில் எனக்குக் கோபம் இல்லை. பச்சை அட்டைக்குப் பதினொரு வருடம் காத்திருந்தவள் நான். கடிதப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும், அது எனக்குத் தெரியும்.

ஆனால் நாம் எப்படி இந்த நாட்டுக்குள் வந்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். 1946-க்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு பேருக்குத்தான் குடியேற இடம். பிறந்த நாட்டைப் பார்த்துக் கதவைத் திறந்து மூடும் அந்த ஒதுக்கீட்டை 1965-ல் ஒரு சட்டம் எடுத்துப்போட்டது. அந்தச் சட்டம் நிறைவேறிய காற்று எங்கிருந்து அடித்தது? பர்மிங்காமிலும் செல்மாவிலும் கறுப்பின உரிமை கேட்டு, போலீஸ் நாய்களுக்கும் தடிகளுக்கும் முன்னால் நின்றவர்களிடமிருந்து. அவர்கள் வம்பு வேண்டாம் என்று வீட்டில் இருந்திருந்தால் நம்மில் பாதிப் பேர் இன்று இந்த ஊரில் பொங்கல் வைத்திருக்க மாட்டோம்.

கிங்குக்கும் பயம் இருந்தது. அதை மறைத்துவிட்டு அவரைச் சிலையாக்க நான் விரும்பவில்லை. 1965-லேயே போரை நிறுத்திப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்று சொன்னார். எதிர்ப்பும் நெருக்கடியும் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்த நேரத்தில் போர் எதிர்ப்பு மேடைகளில் ஏறியது கொரெட்டாதான். 1965 ஜூனில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கூட்டத்தில் அவர் பேசினார். அதே மாதம் வியட்நாம் பிக்கு திக் நாட் ஹான் கிங்குக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு சிகாகோவில் இருவரும் சந்தித்தார்கள். 1967 ஜனவரியில் அந்தப் பிக்குவை நோபல் அமைதிப் பரிசுக்குக் கிங் பரிந்துரைத்தார். அதே மாதம், குண்டில் வெந்த வியட்நாம் குழந்தைகளின் படங்களை ராம்பார்ட்ஸ் பத்திரிகையில் பார்த்தவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார் என்று கூட இருந்த உதவியாளர் பின்னாளில் சொன்னார். சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்கே ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. அப்படியும் எபனேசர் பிரசங்க மேடையில், அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட அதே ஆலயத்தில், ஏப்ரல் 30 அன்று தன் சொந்தச் சபைக்கும் அதை எடுத்துச் சொன்னார்.

ரிவர்சைடில் பேசிய அதே தேதியில், சரியாக ஒரு வருடம் கழித்து, 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸில் அவரைச் சுட்டார்கள். துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக அங்கே போயிருந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு எபனேசரில் ஒரு பிரசங்கம் செய்தார். தான் செத்த பிறகு தன்னைப் பற்றி என்ன பேச வேண்டும் என்று அதில் அவரே சொல்லியிருக்கிறார். நோபல் பரிசைச் சொல்ல வேண்டாம், எங்கே படித்தேன் என்று சொல்ல வேண்டாம். பசித்தவருக்குச் சோறு போட முயன்றான், போர் விஷயத்தில் சரியான பக்கம் நிற்க முயன்றான் என்று யாராவது சொன்னால் போதும் என்றார். அடக்க ஆராதனையில் அந்த ஒலிப்பதிவைத்தான் போட்டார்கள். தன்னைப் பற்றிய பேச்சில் எது இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனாரோ, நாம் சரியாக அதற்குத்தான் மஞ்சள் அடித்திருக்கிறோம்.

இன்னொன்று. எட்டாம் நிலைப் பாடத்தில் சங்கப் புலவர் கோவூர் கிழாரை நாம்தான் வைத்திருக்கிறோம். உறையூர்க் கோட்டைக்கு வெளியே நலங்கிள்ளி, உள்ளே நெடுங்கிள்ளி. இரண்டு பேரும் சோழர்கள்தானே, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி அல்லவா என்று அரசர்களின் முகத்துக்கு நேராகக் கேட்டவர். அந்தப் பாட்டை ஒப்பித்த பிள்ளைக்கு இரண்டு வருடம் முன்பு நீங்கள்தான் முதல் பரிசு கொடுத்தீர்கள். புதிய ஆறாவது விதிப்படி அந்தப் பிள்ளையும் மேடை ஏற முடியாது.

இனி என் கோரிக்கைகள்.

ஆறாவது விதியை முழுதாகத் திரும்பப் பெறுங்கள். திருத்தி, மென்மையாக்கி, 'பொருத்தமற்ற கருத்துகள்' என்று மாற்றி எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். அது இதைவிட மோசம். உச்சரிப்புக்கும் தகவல் பிழைக்கும் மதிப்பெண் குறையுங்கள், கருத்துக்குக் குறைக்காதீர்கள். தனி மனிதரையோ ஒரு மதத்தையோ சாதியையோ இழிவு செய்யும் பேச்சைத் தடுக்க ஏற்கெனவே மூன்றாவது விதி இருக்கிறது, அது போதும்.

அந்த மாணவிக்கும் அவள் பெற்றோருக்கும் குழுவின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். வெட்டச் சொன்னது தவறு என்று அதில் இருக்க வேண்டும். வெட்டிவிடு என்று சொன்னவள் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். மே மாத ஆண்டு விழாவில் அவளுக்கு நான்கு நிமிடம் ஒதுக்கிக் கொடுத்து, வருவாயா என்று கேளுங்கள். வரமாட்டேன் என்றால் அது அவள் இஷ்டம், வற்புறுத்த வேண்டாம்.

ஏழாம் நிலைக்குக் கிங் பற்றிய பாடம் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. அது 1963-ல் முடிந்துவிடுகிறது, பிறகு ஒரே தாவலில் 1968. நடுவில் இருக்கும் ஐந்து வருடத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன். பாடக்குழு அதைப் பார்த்துத் திருத்தலாம், கேள்வி கேட்கலாம், தப்பு இருந்தால் அடிக்கலாம். சேர்க்காமல் விடுவதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

ராணுவத்தில் பிள்ளைகள் இருக்கும் அந்த இரண்டு குடும்பங்களையும் அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் என்னோடு ஒத்துப்போகாமல் போகலாம், அதையும் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு குழுக் கூட்டம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அன்று வகுப்பு முடிந்ததும் வருகிறேன். மஞ்சள் அடித்த அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. பதினாறு நகல் எடுத்துக் கொண்டுவருகிறேன், ஆளுக்கு ஒன்று. முடிவெடுக்கும் முன்னால் யாராவது ஒருவர் அதை வாய்விட்டு முழுதாக வாசியுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் நிலை ஆசிரியை